நம் பேரில் என்ன பதிவாகியிருக்கிறது?

(கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் உழவர்களுக்கான கணினிப் பயிற்சியின் தொடக்க நாளில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, அக்கா தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். பத்து மணிக்கு என்று நோட்டீசில் போட்டுவிட்டுப் பதினொன்றுக்குத்தான் ஆரம்பிக்கிறோம். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கணினிப் பயிற்சி என்றால் வழக்கமாக எப்படி இருக்கும்? முதல் நாள், இது மானிட்டர், இது மவுஸ். மூன்றாம் நாள் திரையில் ஒரு வீடு வரையச் சொல்வார்கள். நாலாம் நாள் பாதிப் பேர் வரமாட்டார்கள். வராதவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நாற்று கிடக்கும்போது உட்கார்ந்து வீடு வரைய யாருக்கு நேரம்?

கேரளத்தில் இந்த வேலை புதிதில்லை. வீட்டுக்கு ஒருவருக்காவது கணினி தெரிய வேண்டும் என்று 2002இல் மலப்புறத்தில் அட்சயா திட்டம் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் மாநிலமே முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றுவிட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்தக் கணக்கில் நாமும் சேர்த்திதான். வீடியோ கால் பேசுகிறோம், கடையில் கியூஆர் கோடு ஸ்கேன் பண்ணுகிறோம். சரி, நல்லதுதான். ஆனால் நம் நெல்லைக் கொள்முதல் செய்யும் அரசு நிறுவனமான சப்ளைகோவின் நெல் பதிவில் உங்கள் பேருக்கு எத்தனை சென்ட் காட்டியிருக்கிறது என்று கேட்டால், இங்கே எத்தனை பேர் கை தூக்குவோம்?

நம் பேரில் எங்கெங்கே பதிவு கிடக்கிறது பாருங்கள். நெல் கொள்முதலுக்கு சப்ளைகோ. பயிர்க் காப்பீட்டுக்கும் மானியத்துக்கும் வேளாண்மைத் துறையின் எய்ம்ஸ் (AIMS) என்ற இணையதளம். வருஷம் 6,000 ரூபாயை மூன்று தவணையாகத் தருகிற மத்திய அரசின் பி.எம். கிசான். நிலவரிக்கு வில்லேஜ் ஆபீஸ். பெரும்பாலும் இதையெல்லாம் அந்த அட்சயா திட்டத்தின் சேவை மையமான அட்சயா சென்டரில் கொடுத்துத்தான் செய்துகொள்கிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, படித்தவர்களும் அப்படித்தான். சென்டர்காரர்களே தட்டட்டும். தட்டி முடித்ததும், அனுப்புவதற்கு முன்னால், திரையை நம் பக்கம் திருப்பச் சொல்லிப் படிக்க வேண்டும். தராசு முள்ளைப் பார்க்காமல் மூட்டையைத் தூக்கிக் கொடுப்போமா? சர்வே எண், பரப்பு, வங்கிக் கணக்கு எண், வங்கிக் கிளையைக் காட்டும் ஐஎஃப்எஸ்சி குறியீடு. இந்த நாலும் சரியா என்று பார்க்க ஒரு நிமிஷம் போதும். ஏக்கருக்கு இவ்வளவு நெல்தான் என்று வரம்பு உண்டு. பரப்பு குறைவாகப் பதிந்திருந்தால் மிச்ச நெல்லை யார் எடுப்பார்கள்?

பி.ஆர்.எஸ். ரசீதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சப்ளைகோவுக்காக மில்காரர் நெல்லை ஏற்றிக்கொண்டு போனதும் கிடைப்பது இந்த ரசீதுதான். இதைக் காட்டி வங்கியில் வாங்கும் பணம் நம் பேரில் கடனாக ஏறுகிறது. சப்ளைகோ வங்கிக்குக் கட்டியதும் அந்தக் கடன் அடைய வேண்டும். கட்டத் தாமதமானால், நாம் கடனே கேட்காதவர்கள் போல வீட்டில் இருப்போம். அங்கே நம் பேரில் பாக்கி நிற்கும். பிறகு பெண் படிப்புக்கோ டிராக்டருக்கோ கடன் கேட்கப் போகும்போதுதான் தெரியவரும். சிபில் மாதிரி நம் கடன் விவரத்தைப் பதிந்து வைக்கிற ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதை எடுத்துப் படிப்பது இந்தப் பயிற்சியில் ஒரு பாடம். என்னைக் கேட்டால், மற்றதையெல்லாம் விட்டாலும் இதை விடக்கூடாது.

அடுத்தது கணக்கு. எக்செல் என்றதும் ஆபீஸ் விஷயம் என்று நினைக்க வேண்டாம், போனிலேயே போடலாம். கொள்முதல் விலை கிலோ 28 ரூபாய் 20 காசாக இருந்த காலத்தை எடுத்துக்கொள்வோம். 40 குவின்டால் போட்டால் 1,12,800 ரூபாய். ஈரம், பதர் என்று நூற்றுக்கு ஐந்து கிலோ கழித்தால் 200 கிலோ போச்சு, அதாவது 5,640 ரூபாய். 'அஞ்சு கிலோதானே' என்று களத்தில் தலையாட்டுவோம். திரையில் 5,640 என்று பார்த்த பிறகு அவ்வளவு லேசாகத் தலை ஆடாது. உழவு, நடவு, உரம், அறுப்பு மெஷின் வாடகை எல்லாம் தேதியோடு ஏறட்டும். வீட்டுக் கணக்கைப் பெரும்பாலும் பெண்கள்தான் மனசில் வைத்திருக்கிறார்கள். ஆகவே இந்தப் பாடத்துக்கு ஆண்கள் மட்டும் வந்து உட்கார்ந்தால் பாதிக் கணக்குதான் ஏறும்.

தண்ணீரையும் எழுதி வைக்கலாம். தமிழ்நாட்டோடு போட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் நம் சித்தூர் வட்டாரத்துக்கு வருஷம் 7.25 டிஎம்சி என்று டீக்கடையில் எல்லோரும் சொல்வோம். நம் வாய்க்காலில் எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் நின்றது என்று யாரிடமும் குறிப்பு இருக்காது. போனில் எடுக்கும் படத்தில் தேதி தானாகவே பதிவாகும். மனு கொடுக்கும்போது அது பேசும்.

வானிலைக்கு மேக்தூத் என்ற செயலி இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் மாவட்ட வாரியாக ஆலோசனை வரும். ஆனால் பாலக்காடு மாவட்டத்துக்கு மழை என்றால் அது மாவட்டத்தின் இன்னொரு கோடியில் இருக்கிற மண்ணார்க்காட்டு மழையாக இருக்கும். நம் பக்கத்து வடகரப்பதியும் எருத்தேம்பதியும் மழை மறைவுப் பகுதி. கோயம்புத்தூர் மாவட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள், நமக்கு அந்தப் பக்கம்தான் கிட்ட. தேங்காய்க்கும் அப்படித்தான். சந்தைக்குக் காய் ஏற்றுவதற்கு முன்னால் பொள்ளாச்சி விலையை ஒரு பார்வை பார்க்கலாம். தமிழ்நாட்டின் உழவன் செயலியில் சந்தை விலை தமிழிலேயே கிடைக்கும்.

தமிழ் என்றதும் ஞாபகம் வருகிறது. இங்கே பலரும் தமிழ் மீடியத்தில் படித்தவர்கள். திரையில் மலையாளமும் இங்கிலீஷும் வந்தால் 'சரி சரி' என்று விட்டுவிடுகிறோம். கேரளத் தமிழர்கள் அரசோடு தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தலாம் என்று 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்திலேயே சொன்னார்கள். எழுத வராது என்றால் போனிடம் பேசுங்கள், அதுவே தமிழில் எழுதும். நம்ம ஊர்த் தமிழ் அதற்குச் சில நேரம் பிடிபடாது, கொஞ்சம் ரேடியோ மாதிரி பேச வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பி.எம். கிசான் பேரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு, அதாவது தொட்டால் போனில் செயலியாக ஏறிக்கொள்ளும் கோப்பு, ஏதாவது வந்தால் தொடாதீர்கள், கணக்கில் இருக்கும் பணத்தை எடுக்கத்தான் அது வருகிறது. போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள்.

நாளைக்கு முதல் வகுப்பு. நிலவரி (கரம்) கட்டிய ரசீது, பாஸ்புக், ஆதார், போன் நான்கும் கொண்டு வாருங்கள். அவரவர் பதிவை அவரவரே திறந்து பார்ப்பதுதான் முதல் பாடம். அதற்கு ஓடிபி வேண்டும். பல பேருக்கு ஆதாரில் இருப்பது பையனுடைய நம்பர், பையன் இருப்பது திருப்பூரில். அப்படி இருப்பவர்கள் இன்று ராத்திரியே கூப்பிட்டு, நாளைக்குப் பத்திலிருந்து பதினொன்று வரை போனைக் கையில் வைத்திருக்கச் சொல்லிவிடுங்கள்.