பேட்ச் எண்ணும் மருந்தின் பெயரும்

நேயர்களுக்கு வணக்கம். மாதவரத்தில் ஒரு சிறிய மருந்துத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் ஒன்பது ஆண்டுகளும், அதன்பின் தண்டையார்பேட்டை, இராயபுரம், பெரம்பூர் பகுதி மருத்துவமனைகளில் விற்பனைப் பிரதிநிதியாகப் பதினொரு ஆண்டுகளும் வேலை பார்த்தவன் என்பதால், இரண்டையும் சேர்த்துப் பேசும்படி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். ஆய்வக மேசைக்கு வரும் மருந்தை நாங்கள் பேட்ச் எண்ணால்தான், அதாவது ஒரே தடவையில் தயாரான சரக்குக்கு இடும் எண்ணால்தான் அழைப்போம். அதே மருந்து மருத்துவமனை வாசலுக்குப் போனதும் அந்த எண்ணை யாரும் உச்சரிப்பதில்லை. கம்பெனி சூட்டிய பெயர் ஒன்றே பேசப்படும். ஒரே பெயரில் வரும் இரண்டு பேட்ச் ஒன்றுபோல் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அப்படி இருக்கின்றனவா என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

காய்ச்சலுக்கு நாம் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரையையே எடுத்துக்கொள்வோம். காசியாபாத்தில் உள்ள ஆணையம் வெளியிடும் இந்தியன் பார்மகோபியா என்ற மருந்துத் தர நூல்தான் எங்களுக்கு வேதம். மாத்திரைக்குள் மருந்து 95 முதல் 105 விழுக்காட்டுக்குள், அதாவது 475 முதல் 525 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது அதன் வரம்பு. இருபது மாத்திரைகளைத் தனித்தனியே எடைபோடுவோம். ஆறு குழாய் வைத்த கூடையில் மாத்திரைகளைப் போட்டு, 37 டிகிரி வெந்நீரில் ஏறி இறங்க விட்டு, பூச்சில்லாதவை பதினைந்து நிமிடத்துக்குள் உடைந்து விழுகின்றனவா என்று பார்ப்போம். உடைந்தால் மட்டும் போதாது, கரைய வேண்டும். கரையாத மாத்திரை முழு அளவு மருந்தைச் சுமந்தபடியே வயிற்றைக் கடந்து போய்விடும்.

தூய்மை என்பது இதிலிருந்து வேறுபட்ட கேள்வி. இருக்க வேண்டியது முழுதாக இருக்கிறதா என்பது ஒன்று, இருக்கக் கூடாதது எதுவும் இல்லையே என்பது மற்றொன்று. பாராசிட்டமாலில் நாங்கள் தேடுவது 4-அமினோபீனால் என்ற பொருளை. அதிலிருந்துதான் பாராசிட்டமாலே தயாராகிறது. மருந்து கெடும்போதும் அது மீண்டும் தலைகாட்டும். சிறுநீரகத்துக்குக் கேடு செய்யக்கூடியது. கலந்திருக்கும் பொருள்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவியின் திரையில் பெரிய மலைபோல் எழும் மருந்தின் கோட்டுக்குப் பக்கத்தில், எறும்புப் புற்றளவு மேடு ஒன்று தெரிகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்த இரவுகள் எனக்கு நிறைய உண்டு.

இவ்விரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டால் என்ன நேரும் என்பதற்குக் குழந்தைகளுக்கான சிரப்புகளே சான்று. சிரப்பில் மருந்தின் அளவு மிகச் சரியாக இருக்கலாம்; அதைக் கரைத்த திரவமே நஞ்சாக இருக்கலாம். டைஎத்திலீன் கிளைகால் என்ற அந்த நஞ்சு, சிரப்பில் சேர்க்கும் கிளிசரினைப் போலவே நிறமற்றது, கொழகொழப்பானது, இனிப்பானது. 1937இல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இதனால் இறந்தார்கள். 1972இல் நம் சென்னையிலேயே குழந்தைகள் இறந்தார்கள். 2025 அக்டோபரில், மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது, அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப்பைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தது. 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாத அந்த நஞ்சு 48.6 விழுக்காடு இருந்தது. இதைக் கண்டுபிடிக்கப் புதிய அறிவியல் எதுவும் தேவையில்லை. கரைப்பான் வந்து இறங்கும் ஒவ்வொரு டிரம்மையும் திறந்து சோதித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எண்பத்தெட்டு ஆண்டுகளாகத் தெரிந்த ஒன்றைச் செய்யாமல் விட்டதற்கு எந்தச் சமாதானமும் எனக்குத் தோன்றவில்லை.

இனி, விற்பனை. பிரதிநிதியாக நான் கற்றுக்கொண்ட முதல் பாடம், வெளிநோயாளிகள் கூட்டம் கலைந்தபின் மருத்துவர் தரும் இரண்டு நிமிடத்தில் மருந்தின் பெயரை ஐந்து தடவையாவது சொல்லிவிட வேண்டும் என்பது. வழவழப்பான படத்தாளும், சாம்பிளும், சில கம்பெனிகளில் அன்பளிப்பும் அதற்குத் துணை. 2024 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட மருந்து விற்பனை நடத்தை விதிகள் அன்பளிப்பைத் தடுக்கின்றன. இந்தியாவில் ஓராண்டுக்கு மேல் விற்பனையில் உள்ள மருந்தைப் புதியது என்று சொல்லக் கூடாது, வரையறை சொல்லாமல் பாதுகாப்பானது என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. நல்ல விதிகள்தாம். ஆனால் அந்தப் பதினொரு ஆண்டுகளில், இந்த பேட்சின் ஆய்வறிக்கை எங்கே என்று என்னிடம் கேட்ட மருத்துவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைகளின் கதை வேறு. அங்கே மருந்து பெரும்பாலும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியாக வருகிறது. 1994இல் தொடங்கப்பட்ட இந்தக் கழகம், கிடங்குக்கு வந்த மருந்தில் மாதிரி எடுத்து, கம்பெனியின் பெயரை மறைத்து, இரகசியக் குறியீடு இட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறது. எந்தக் கம்பெனியின் மாத்திரை என்று சோதிப்பவருக்கே தெரியாது. ஆய்வகத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிட நேர்மையான ஏற்பாட்டை நான் கண்டதில்லை.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். ஒரு மே மாதப் பிற்பகலில் அங்கிருந்த மூத்த மருந்தாளுநரிடம் ஆஸ்பிரின் சாம்பிள்களைக் கொடுத்தேன். அவர் ஓர் அட்டையைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, "வண்டிப் பெட்டியில் எத்தனை நாளாகக் கிடக்கிறது, தம்பி?" என்று கேட்டார். மூன்று வாரம். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் ஆஸ்பிரின் பிரிந்து அசெட்டிக் அமிலமாகும். வினிகர் வாடை அதுதான். கூடவே உண்டாகும் சாலிசிலிக் அமிலத்தை ஃபெரிக் குளோரைடு என்ற வேதிப்பொருள் ஊதா நிறமாக்கிக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது நான் ஆய்வகத்தில் நூறு முறை செய்து பார்த்த சோதனை. கடற்காற்று வீசும் இராயபுரத்துச் சாலைகளில் வெயிலில் வண்டியை நிறுத்தும்போது அது என் நினைவுக்கு வரவே இல்லை. அன்று மாலையே அத்தனையையும் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பினேன்.

மருந்தை வாங்கியவரே அதைச் சோதிக்கச் சொல்ல முடியும் என்பது பலருக்குத் தெரியாது. 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, யாரும் உரிய படிவத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தி, தாம் வாங்கிய மருந்தை ஆய்வகத்தில் சோதிக்கும் அரசுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். கையொப்பமிட்ட அறிக்கை கிடைக்கும். பிரிக்காத அட்டையும் கடை ரசீதும் கையில் இருப்பது நல்லது. ரசீதில் பேட்ச் எண் இருக்க வேண்டும் என்பதும் விதிதான். கேட்டு வாங்கினால்தான் அது வரும். அந்த வண்ணாரப்பேட்டை மருந்தாளுநர் தடித்த அட்டை போட்ட நோட்டு ஒன்று வைத்திருந்தார். சரக்கு வந்த தேதி, அடுத்து பேட்ச் எண், கடைசியாகத்தான் மருந்தின் பெயர்.