இறுக்கிக் கட்டாத கதிர்க்கட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

சோழவந்தான் என்றால் உங்களுக்கு வெற்றிலை நினைவுக்கு வரும். எனக்கு எங்கள் அப்பத்தா கதிர் பொறுக்கிப் போடுகிற ஓலைக்கொட்டான். விளிம்பு கிழிந்துபோய், பழைய சேலைத்துணி வைத்துத் தைத்திருக்கும். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை பெரியாற்றுப் பாசனத்தில் இருபோகம் விளைகிற பகுதி எங்களுடையது. 1895-இல் அணையைக் கட்டி, மேற்கே ஓடிய தண்ணீரைக் கிழக்கே திருப்பியதால் வந்த வாழ்வு. நிலம் உள்ளவர்களுக்கு வருஷத்துக்கு இரண்டு அறுப்பு. நிலம் இல்லாத அப்பத்தாவுக்கு இரண்டு தடவை கதிர் பொறுக்கல்.

அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் வேதாகமத்தில் ரூத்தின் கதை அத்துப்படி. நாலே அதிகாரம்தான். ஞாயிறு பள்ளியில் எங்களுக்கு ரூத்தை, மாமியாரை விட்டுப் பிரியாத மருமகள் என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். கல்யாண வீட்டுப் பிரசங்கங்களிலும் அதுதான். அப்பத்தாவுக்கு அந்தப் பகுதியில் அவ்வளவு அக்கறை கிடையாது. எங்கள் அம்மாவுக்கும் அப்பத்தாவுக்கும் ஆகாது என்பது வேறு விஷயம். அப்பத்தா நின்றுவிடுகிற இடம் இரண்டாம் அதிகாரம்.

மோவாப் தேசத்துக்காரி ரூத். புருஷனைப் பறிகொடுத்தவள். மாமியார் நகோமியோடு பெத்லகேமுக்கு வரும்போது வாற்கோதுமை அறுப்பு தொடங்கியிருந்தது. பசிக்கு வேறு வழியில்லாமல் போவாஸ் என்பவருடைய வயலில் கதிர் பொறுக்கப் போகிறாள். அதற்குச் சட்டத்திலேயே இடம் உண்டு. வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்திக் கிடக்கிற கதிரைப் பொறுக்காதே, அதை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்று லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் சொல்கிறது. போவாஸ் அந்த அளவோடு நின்றிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் தன் வேலைக்காரர்களைக் கூப்பிட்டு, அவளுக்காக அரிக்கட்டிலிருந்தே கொஞ்சம் சிந்தவிடுங்கள் என்கிறார். கூடவே, ‘அவளை அதட்டாதிருங்கள்’ என்கிறார்.

அன்று சாயங்காலம் ரூத் பொறுக்கியதைத் தட்டிப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு மரக்கால். எபிரெயத்தில் அது எப்பா என்ற அளவு, சுமார் 22 லிட்டர் பிடிக்கும். தமிழில் மொழிபெயர்த்தவர்கள் மரக்கால் என்று போட்டது நல்லதாயிற்று. அப்பத்தா உடனே கணக்குப் போட்டுவிடும். “ஒத்தப் பொம்பள ஒரு நாள்ல பொறுக்கி மரக்கால் தேறுமாடா? சிந்தவிட்டாத்தான் தேறும்.” வேத பண்டிதர்கள் யாரும் எனக்கு இப்படி விளக்கியதில்லை.

எங்கள் ஊரிலும் அப்படி ஒரு பெரியவர் இருந்தார். அறுப்பு நாளில் வரப்பில் நின்றுகொண்டு, “கட்ட இறுக்காதீங்கப்பா, தூக்குறவனுக்குக் கழுத்து வலிக்கும்” என்பார். கட்டு தளர்ந்திருந்தால் களத்துமேடு போய்ச் சேர்வதற்குள் வழியெல்லாம் கதிர் உதிரும். அவர் முன்னால் விறுவிறுவென்று நடப்பார், திரும்பியே பார்க்க மாட்டார். பின்னால் அப்பத்தாவும் இன்னும் நாலைந்து பெண்களும் குனிந்து பொறுக்கிக்கொண்டே போவார்கள். பக்கத்து வயல்காரர் வேறு மாதிரி. கதிரைத் தூக்கிய மறுநாளே வாத்து மேய்ப்பவரிடம் காசு வாங்கிக்கொண்டு வாத்துகளை இறக்கிவிடுவார். அவர் வயல், அவர் இஷ்டம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதே அதிகாரத்தில் இன்னொன்று இருக்கிறது. தாகம் எடுத்தால் வேலைக்காரர்கள் மொண்டு வைத்திருக்கிற தண்ணீரையே போய்க் குடி என்கிறார் போவாஸ். மோவாபியன் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்று உபாகமத்தில் எழுதியிருக்கிற ஜனம் அது. அந்த ஜனத்துப் பெண் அதே குடத்துத் தண்ணீரைக் குடிக்கலாம். டீக்கடைகளில் தனித் தம்ளர் வைத்த ஊர்ப்பக்கம் பிறந்தவனுக்கு இதைச் சாதாரணமாக வாசித்துவிட்டுப் போக முடிவதில்லை. அப்படிப்பட்ட ரூத்தின் பெயரைத்தான் மத்தேயு முதல் அதிகாரம் இயேசுவின் வம்ச வரலாற்றில் வைத்திருக்கிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன் கிறிஸ்துமஸுக்கு எங்கள் சபையில் விதவைகளுக்குச் சேலை கொடுத்தோம். ஏற்பாடு என்னுடையது. மைக்கில் ஒவ்வொரு பெயராக வாசித்தேன். மேடைக்கு வரச்சொல்லி, சேலையின் ஒரு முனையைக் கொடுப்பவரும் மறுமுனையை வாங்குபவரும் பிடித்துக்கொள்ள, போட்டோ. ஒரு அம்மா முந்தானையால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார். “முகத்தக் காட்டுங்கம்மா” என்றேன். அந்தப் போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது. அடுத்த ஞாயிறு அந்த அம்மா ஆராதனைக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அப்பத்தாவின் கொட்டானைப் பார்த்து வளர்ந்தவன் நான்!

இப்போது எங்கள் ஊரில் அறுப்பு இயந்திரம்தான். மணிக்கணக்குக்கு வாடகை. கட்டும் இல்லை, இறுக்கிக் கட்ட ஆளும் இல்லை. கொட்டானோடு யாரும் வருவதுமில்லை.

போன வருஷம் சபையில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும், காணிக்கையாக வந்த பொருள்களை வழக்கம்போல ஏலம் விட்டோம். பூசணிக்காய், வாழைத்தார், கால் கட்டிய சேவல், அப்புறம் இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம் ஒன்று. சிப்பத்தை ஒருவர் நல்ல விலைக்கு எடுத்தார். பணத்தைக் கட்டினார். சிப்பத்தை ஆலயத்தின் பின்பக்கத் திண்ணையில் வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பின்பக்கச் சந்தில்தான் அந்த முந்தானை அம்மாவின் வீடு. இன்னும் மூன்று நாலு வீடுகளும் அந்த மாதிரிதான்.

சாயங்காலம் போன் செய்தேன். “அடடா, மறந்துட்டேன் சார். இப்ப வண்டி இல்லையே. கிடக்கட்டும், காலைல பாத்துக்கலாம்” என்றார்.

காலையில் நான் போனபோது திண்ணை காலியாக இருந்தது. ஆலயத்தைக் கூட்டிப் பெருக்குகிற அண்ணனிடம், சிப்பம் எங்கே, அவர் மறந்து வைத்துவிட்டுப் போனாரே என்று பதறினேன். அவர் விளக்குமாற்றைச் சுவரில் தட்டிக்கொண்டே, “இது மூணாவது வருசம் சார் அவரு மறக்குறது” என்றார்.