கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த கைகள்

(நூலக வார விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, வேலைகளுக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, நாற்காலிகளோடு மாணவர்களையும் அனுப்பிவைத்த மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, என் மதிப்புக்குரிய நூலகர் அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

போன மழைக்காலத்தில் இந்தக் கட்டடத்தின் மேற்கூரை ஒழுகியது. அன்று புத்தகங்களுக்கு மேல் தார்ப்பாய் போர்த்திவைத்தவர் நம் நூலகர். மனு கொடுத்த பத்தாம் நாளே கொத்தனாரை அனுப்பியவர் நகர்மன்றத் தலைவர் அம்மா. அதை இந்த மேடையில் சொல்லாமல் வேறு பேச்சைத் தொடங்கினால் அது நன்றி கெட்ட செயல். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். அந்தச் சுவரைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் இவர்கள்.

'சினிமாப் பூங்காவில் சினிமா எங்கே போனது?' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் டிஸ்னி கட்டிய படப்பிடிப்புப் பூங்கா. இரண்டு, அதற்குப் போட்டியாகப் பக்கத்திலேயே யுனிவர்சல் என்ற ஹாலிவுட் படக் கம்பெனி கட்டியது. மூன்று, லாஸ் ஏஞ்சல்ஸில் மட்டும் அதே தொழில் எப்படிப் பிழைத்து நிற்கிறது என்பது.

1989 மே 1 அன்று ஆர்லாண்டோ நகருக்குப் பக்கத்தில் 'டிஸ்னி-எம்ஜிஎம் ஸ்டூடியோஸ்' திறக்கப்பட்டது. எம்ஜிஎம் என்பது பழைய ஹாலிவுட் படக் கம்பெனி ஒன்றின் பெயர். அப்போது டிஸ்னியின் தலைவர் மைக்கேல் ஐஸ்னர். ராட்டினம் சுற்றவும் பொம்மையோடு படம் எடுத்துக்கொள்ளவும் அங்கே ஏற்கெனவே இடம் இருந்தது. இது வேறு மாதிரி. உண்மையிலேயே படம் எடுக்கிற இடம், நீங்கள் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து பார்க்கலாம் என்றார்கள். மூன்று பெரிய தளங்கள் கட்டினார்கள். கோடம்பாக்கத்தில் 'ஃப்ளோர்' என்பார்களே, அதுதான். மேலே கண்ணாடி வைத்த நடைபாதையில் நின்று கீழே நடக்கும் படப்பிடிப்பைப் பார்க்கலாம். வெளியே ஒரு தெருவே அமைத்து, வீடுகளின் முகப்புகளை மட்டும் நிறுத்தியிருந்தார்கள். அதில் ஒரு வீடு, 'கோல்டன் கேர்ள்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடரில் வருகிற நான்கு பெண்களின் வீடு. டிராம் வண்டியில் போகிறவர்கள் அதைப் பார்த்ததும் சொந்தக்காரர் வீட்டைக் கண்ட மாதிரி கை காட்டுவார்கள்.

வெறும் காட்சிக்காகத் தொடங்கிய இடம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே வேலை நடந்தது. 'மிக்கி மவுஸ் கிளப்' நிகழ்ச்சியை 1989 முதல் 1994 வரை அந்தத் தளங்களில்தான் எடுத்தார்கள். பிரிட்னி ஸ்பியர்ஸ், ஜஸ்டின் டிம்பர்லேக், ரயன் காஸ்லிங் எல்லாரும் சின்னப் பிள்ளைகளாக ஆடிப் பாடிய இடம் அது. எல்லாவற்றுக்கும் மேலாக, கார்ட்டூன் ஓவியர்கள் படம் வரையும் கூடமும் அங்கே இருந்தது. அந்தக் கூடத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

1997-ல் என் அக்கா மகன் அதே புளோரிடாவில் டாம்பா நகரில் வேலையில் இருந்தான். "மாமா, ஒரு தடவை வந்து பாருங்க" என்று டிக்கெட் எடுத்து அனுப்பினான். நான் அப்போது பள்ளியில் ஓவிய ஆசிரியர். ஒரு செவ்வாய்க்கிழமை காலை எங்களை அந்தப் பூங்காவுக்கு அழைத்துப் போனான். அவன் பையனுக்கு எட்டு வயது. என் கையில் வழக்கமான மஞ்சப்பை, அதில் ஒரு தண்ணீர் பாட்டில், நாலு பென்சில். பையனுக்கு அந்த உயரமான கோபுர லிஃப்ட் விளையாட்டுக்குப் போக வேண்டும். நான் மட்டும் ஓவியக் கூடத்தில் நுழைந்தேன். நுழைந்தவன் நகரவில்லை.

ஒரு நீளமான கண்ணாடி. அந்தப் பக்கம் வரிசையாகச் சாய்வு மேசைகள். மேசை நடுவில் வட்டப் பலகை, அதற்கு அடியில் விளக்கு. ஒரு பெண் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார். இடது கை விரல்களுக்கு நடுவில் ஐந்து தாள்களைச் செருகிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிறார். ஒரு கோடு போடுகிறார், அழிக்கிறார், மறுபடி புரட்டுகிறார். மேசை ஓரத்தில் ஒரு சின்ன முகக்கண்ணாடி. அதைப் பார்த்துத் தானே புருவத்தைத் தூக்குகிறார், உதட்டைக் கடிக்கிறார், பிறகு அந்த முகத்தைத் தாளில் இறக்குகிறார். திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள், அதாவது 'ஃபிரேம்'கள், ஓடும். இரண்டு சட்டத்துக்கு ஒரு படம் என்று கணக்குப் பார்த்தாலும், ஒரு பாத்திரம் ஒரு விநாடி அசைய 12 படம் வேண்டும். அந்தப் பன்னிரண்டில் ஒன்றுக்காக அவர் பட்ட பாட்டை நான் முக்கால் மணி நேரம் நின்று பார்த்தேன். பையன் வந்து சட்டையைப் பிடித்து இழுக்கிறான், அக்கா மகன் இரண்டு தரம் வந்து கூப்பிட்டுவிட்டுப் போகிறான். எனக்கு எதுவும் காதில் விழவில்லை.

கடைசியில் அவர் நிமிர்ந்து பார்த்தார். கூட்டம் வந்து வந்து போகிறது, ஒருத்தன் மட்டும் தூண் மாதிரி நிற்கிறானே என்று நினைத்திருப்பார். நான் பையிலிருந்து பென்சிலை எடுத்து, பூங்கா வரைபடத்தின் பின்பக்கத்தில், குனிந்து வரைகிற அவருடைய தோளையும் கையையும் ஐந்தாறு கோட்டில் போட்டுக் கண்ணாடியில் வைத்துக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு ஒரு புதுத் தாளை எடுத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. என் மூக்குக்கண்ணாடி, என் மீசை, மஞ்சப்பை, கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிற என் நிற்பு, அத்தனையும் அந்தத் தாளில்! எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார். இந்தப் பக்கம் என் தாள், அந்தப் பக்கம் அவர் தாள். ஒரு வார்த்தை பேசவில்லை, பேசவும் முடியாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஊர்த் தெருப் பள்ளியில் ஒரு வாத்தியார் எனக்குக் கற்றுக்கொடுத்த அதே மொழியில், கடல் தாண்டி ஒருவர் என்னோடு பேசுகிறார். அந்தத் தாளை அவர் என்னிடம் தர வழியில்லை. அது அந்தப் பக்கத்திலேயே தங்கிவிட்டது.

அந்தக் கூடம் முழுக்க முழுக்கத் தன் பொறுப்பில் எடுத்த முதல் முழுநீளப் படம் 'மூலான்', 1998-ல் வந்தது. அடுத்தது 2002-ல் 'லிலோ அண்டு ஸ்டிச்'. 8 கோடி டாலர் செலவு, உலகமெங்கும் 27 கோடி டாலருக்கு மேல் வசூல். 2003-ல் 'பிரதர் பேர்'. மறு ஆண்டே, 2004-ல், கூடத்தை மூடினார்கள். சுமார் 250 பேருக்கு வேலை போனது. கணினிப் படம் வந்துவிட்டது, கையால் வரைவதற்கு மவுசு இல்லை என்பது அன்று ஓங்கி ஒலித்த பேச்சு. வசூல் செய்து கொடுத்த கைகள் அவை. கணினியில் உட்கார வைத்தாலும் அதே கண்ணும் அதே கையும்தானே வேண்டும்?

படப்பிடிப்புத் தளங்கள் அதற்கு முன்பே ஓய்ந்துகொண்டிருந்தன. நடிகர்களும் தொழிலாளர்களும் குடியிருப்பது கலிபோர்னியாவில். ஒவ்வொரு படத்துக்கும் அவர்களை விமானம் ஏற்றிப் புளோரிடாவுக்குக் கொண்டுவர வேண்டும். 90-களில் கனடா மலிவாக இருந்தது, வரிச்சலுகையும் கொடுத்தது. பிறகு பக்கத்து ஜார்ஜியா மாநிலம் 2008-ல் 30 சதவீதம் வரை வரிக் கழிவு தந்து படங்களை இழுத்துக்கொண்டது. புளோரிடா தன் ஊக்கத்தொகைத் திட்டத்தை 2016-ல் முடித்துக்கொண்டது. இன்னொரு காரணமும் உண்டு. கண்ணாடி நடைபாதையில் நிற்கிறவருக்குப் படப்பிடிப்பு இல்லாத நாளில் வெறும் இருட்டுத் தளம்தான் தெரியும். சீட்டு வாங்கியவர் சும்மா இருப்பாரா? விளையாட்டு எங்கே, ராட்டினம் எங்கே என்றுதான் கேட்பார்.

வீட்டு முகப்புத் தெருவை 2003-ல் இடித்தார்கள். கார்ச் சாகசம் காட்டும் அரங்கு அந்த இடத்துக்கு வந்தது. டிராம் பயணத்தில் தீப்பற்றி வெள்ளம் பாய்வதுபோல் ஒரு பள்ளத்தாக்கு உண்டு. படப்பிடிப்பு நடப்பதாகச் சொல்லி, பார்வையாளர்களுக்காகவே கட்டிய பொய் செட்டு அது. உண்மைத் தெரு போன பிறகும் அது 2014 வரை தினமும் எரிந்தது, தினமும் அணைந்தது! 2008-ல் பூங்காவின் பெயரிலிருந்து எம்ஜிஎம் போய், 'டிஸ்னியின் ஹாலிவுட் ஸ்டூடியோஸ்' ஆனது. பெயரில் ஸ்டூடியோ இன்றும் இருக்கிறது. சுவரை வைத்துத்தான் சித்திரம் என்கிறோம். அங்கே சுவர் இருந்தது, சித்திரம் எழுதுகிறவரை அனுப்பிவிட்டார்கள்.

2017-ல் மறுபடி போனேன். அந்த எட்டு வயதுப் பையன்தான் கார் ஓட்டினான். ஓவியக் கூடம் இருந்த முற்றத்தில் 'ஸ்டார் வார்ஸ்' உடைகளையும் மாதிரிகளையும் வைத்திருந்தார்கள். நல்ல கூட்டம். எல்லாம் செய்து முடித்த பொருள்கள். செய்துகொண்டிருக்கிற ஒரு கையைக்கூட நான் பார்க்கவில்லை.

இரண்டாவது செய்தி. யுனிவர்சல் தன் பூங்காவை 1990 ஜூன் 7 அன்று திறந்தது. அதற்குள்ளேயே குழந்தைகள் தொலைக்காட்சியான நிக்கலோடியனின் படப்பிடிப்புக்கூடம். பூங்காவுக்கு வந்த பிள்ளைகளையே மேடையேற்றி நிகழ்ச்சி எடுத்தார்கள். 1992-ல், ஐம்பது ஆண்டு கழித்து 2042-ல் திறக்க வேண்டும் என்று ஒரு காலப்பேழையை வாசலில் புதைத்தார்கள். 2005-ல் கூடமே மூடப்பட்டது. பேழையையும் தோண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மூன்றாவதாக லாஸ் ஏஞ்சல்ஸ். யுனிவர்சலை நிறுவிய கார்ல் லேம்லி, 1915-லேயே அங்கே 25 சென்ட் வாங்கிக்கொண்டு ஜனங்களைப் படப்பிடிப்பு பார்க்க விட்டவர். பேசும் படம் வந்ததும் சத்தம் ஆகாது என்று நிறுத்தினார்கள். 1964-ல்தான் டிராம் வண்டியோடு மறுபடி தொடங்கியது. அதைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது. தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார், ஐந்து நிமிடம்தான் என்கிறார். அந்த ஐந்து நிமிடம் எனக்கு வேறொன்றுக்கு வேண்டும்.

தலைமையாசிரியர் அவர்களே, உங்கள் பள்ளியில் ஓவிய வகுப்பு வாரத்தில் எத்தனை நாள்? நம் அரசுப் பள்ளிகளுக்கு 2012-ல் ஓவியத்துக்கும் உடற்கல்விக்கும் தையலுக்கும் பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள், அப்போது சம்பளம் மாதம் 5,000 ரூபாய். அன்று இளைஞராகச் சேர்ந்தவர்களுக்கு இன்று தலை நரைக்கிறது. பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கொரு முறை சென்னைக்கு ரயில் ஏறுகிறார்கள். புளோரிடாவில் 250 பேரை ஒரே நாளில் அனுப்பியதைக் கேட்டு 'ஐயோ' என்கிறோம். இங்கே நாம் அரை நாள் அரை நாளாக அனுப்பிக்கொண்டிருக்கிறோம். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. படித்துவிட்டு வருகிற பிள்ளை எங்கே போவது? பள்ளிதான் சுவர். அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு முழுநேர ஓவிய ஆசிரியரை நிறுத்துங்கள் என்றுதான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஊர் ஊராகக் கேட்டு வருகிறேன்.

ஓவிய ஆசிரியர்களை நிரந்தரமாக்கக் கோரும் மனு, நூலகர் மேசையில் பச்சை அட்டைக் கோப்பில் இருக்கிறது. 18 வயது நிரம்பியவர்கள் கையெழுத்துப் போடலாம். மாணவர்களுக்கு அதற்குப் பக்கத்திலேயே வெள்ளைத் தாளும் பென்சிலும் வைத்திருக்கிறேன். உங்கள் ஓவிய வாத்தியாரை வரைந்து, கீழே பெயர், வகுப்பு எழுதிக் கொடுங்கள். மனுவோடு சேர்த்து அனுப்பப்போகிறேன். நகர்மன்றத் தலைவர் அம்மா முதல் கையெழுத்தைப் போட்டுத் தொடங்கிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.