பிடிஎஃப் அனுப்பும் முன் ஒரு வரி எழுதுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். கோச்சிங் போகாமல், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 பரீட்சை எழுதி அரசு வேலைக்கு வந்ததைப் பற்றிப் பேசுங்கள் என்றுதான் வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். எத்தனை மணிக்கு எழுந்தேன், எத்தனை மணிநேரம் படித்தேன் என்பதையெல்லாம் சொல்ல எனக்கு ஆர்வமில்லை, அது வீட்டுக்கு வீடு மாறும். எனக்குப் படிக்க என்ன கிடைத்தது, அதை யார் கொடுத்தார்கள், எப்படிக் கொடுத்தார்கள் என்பதைத்தான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் நான் பாஸானதில் பாதி அதில்தான் இருக்கிறது.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்குப் பக்கம். 2020 ஊரடங்கில் பார்த்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் சென்டர் வேலை போய்விட்டது. கையில் ஒரு போன், அதில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டா. அப்போது ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்தேன். சேர்ந்த முதல் வாரத்திலேயே என் போனில் நானூறுக்கும் மேல் ஃபைல் வந்து இறங்கிவிட்டது. "முக்கிய வினாக்கள் 1000", "பொதுத்தமிழ் முழுத் தொகுப்பு", "ஒரே நாளில் அரசியலமைப்பு". திறந்து பார்த்தால் ஒரே தொகுப்பு நாலு பெயரில் இருக்கும், அட்டை மட்டும் வேறு. எதை முதலில் படிப்பது என்று யாரும் சொல்லவில்லை, அனுப்பியவர்களே அதைத் திறந்து பார்த்திருக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஆறு மாதம் நான் படிக்கவே இல்லை, சேர்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதில் ஒரு ஃபைலை மட்டும் உருப்படியாகப் படித்தேன். அரசியலமைப்புக் குறிப்பு, 120 பக்கம், ஜெராக்ஸ் எடுத்து பைண்டிங் போட்டு வைத்திருந்தேன். மாநிலங்கள் 29, யூனியன் பிரதேசங்கள் 7 என்று அதில் இருந்ததை அப்படியே மனப்பாடம் செய்து ஒரு மாடல் டெஸ்ட்டில் விடைத்தாளில் நிழலிட்டேன். தப்பு. ஜம்மு காஷ்மீர் 2019 அக்டோபர் 31-இல் இரண்டு யூனியன் பிரதேசங்களாகப் பிரிந்ததும் மாநிலங்கள் 28 ஆகிவிட்டன, யூனியன் பிரதேசங்கள் 9 ஆயின, அப்புறம் 2020 ஜனவரி 26-இல் தாத்ரா நாகர் ஹவேலியும் டாமன் டையூவும் ஒன்றாகச் சேர்ந்ததில் அந்த 9 என்பது 8 ஆனது. குறிப்பை எழுதியவர் மேல் தப்பில்லை, அவர் எழுதிய வருஷத்தில் அது சரிதான். ஆனால் எந்த வருஷம் எழுதியது என்று அந்த 120 பக்கத்தில் எங்கேயும் இல்லை. அதைத்தான் நாங்கள் அத்தனை பேரும் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

இது ஒரு கேள்வியோடு போகிற விஷயம் இல்லை. தமிழ்நாட்டில் மாவட்டங்கள் 32 என்று சொல்லும் குறிப்புகள் இன்னும் சுற்றுகின்றன. 2019-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு வந்தன, 2020-இல் மயிலாடுதுறை, ஆக 38. உலக அளவில் முக்கியமானது என்று பட்டியலிடப்படும் ராம்சார் ஈரநிலம் என்றால் நம் மாநிலத்துக்குக் கோடியக்கரை ஒன்றுதான் என்று நிறையப் பேர் படித்து வைத்திருப்பீர்கள், 2022 என்கிற ஒரே வருஷத்தில் அது 14 ஆகி, பிறகும் கூடிவிட்டது. பழைய ஃபைலுக்கு இதெல்லாம் தெரியாதே.

அந்த டெஸ்ட்டுக்கு அப்புறம் நாங்கள் ஆறு பேர் தனியாகப் பிரிந்து டெலிகிராமில் ஒரு குழு தொடங்கினோம். டெலிகிராமுக்குப் போனதற்கு ஒரு காரணம், பிந்திச் சேர்கிறவர்களும் முதல் நாளில் போட்டதைத் தேடி எடுக்கலாம் என்பது. இன்னொரு காரணம், அங்கே போன் நம்பரை மறைத்து வைக்கலாம். பழைய குழுவில் இருந்த ஒரு தங்கைக்கு முகம் தெரியாத ஒருவர் ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டு, "டவுட் இருக்கு" என்று பேச்சை ஆரம்பித்திருக்கிறார். அவள் வீட்டில் போனையே பிடுங்கி வைத்துவிட்டார்கள், அவள் படிப்பு இரண்டு மாதம் நின்றது. படிக்கிற குழு நடத்துகிறவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும், பாடம் அப்புறம்.

எங்கள் குழுவில் ஒரே ஒரு கட்டாயம் வைத்தோம். ஃபைலை வெறுமனே போடக்கூடாது, கூடவே ஒரு வரி எழுத வேண்டும். எந்த வகுப்பு, எந்த வருஷப் பதிப்பு, எங்கிருந்து எடுத்தது, நீங்கள் எதுவரை படித்திருக்கிறீர்கள். நான் முதலில் போட்டது இன்னும் நினைவிருக்கிறது: "9ஆம் வகுப்பு சமூக அறிவியல், புதிய புத்தகம், பாடநூல் கழகத் தளத்திலிருந்து எடுத்தது, வரலாறு மட்டும் படித்திருக்கிறேன், புவியியல் இன்னும் தொடவில்லை." இதை எழுத ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் இப்படி எழுதச் சொன்னதுமே வருகிற ஃபைல் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது, ஏனென்றால் படிக்காததைப் போட யாருக்கும் கை வரவில்லை.

பதிப்பை ஏன் கேட்கிறோம் என்று வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் "பழைய புக், புது புக்" என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். 6, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல் வந்தது 2018-இல், அதற்கு முந்தைய புத்தகங்களைத்தான் பழைய புக் என்கிறோம். ஒரே செய்யுள் ஒன்றில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் இப்போதைய புத்தகங்களைத் தன் தளத்தில் காசில்லாமலே வைத்திருக்கிறது, அதனால் ஆறிலிருந்து பத்து வரைக்கும் அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வினாத்தாளும் விடைக்குறிப்பும் தேர்வாணையத்தின் தளத்திலேயே இருக்கின்றன. இவற்றை வைத்துக்கொண்டு ஐந்நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய் கேட்கிறவர்களிடம் தயவுசெய்து ஏமாறாதீர்கள்.

குரூப் 4-இல் 200 கேள்வி, அதில் 100 தமிழ். அந்தத் தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதியில் எவ்வளவு வாங்கியும் பிரயோஜனமில்லை. அதற்குப் பள்ளிப் புத்தகத்தைவிட நல்ல குறிப்பு எனக்குக் கிடைக்கவில்லை. பாடத்தோடு வரும் சொல்லும் பொருளும், இலக்கணக் குறிப்பு, நூலையும் ஆசிரியரையும் பற்றிச் சொல்லும் நூல்வெளி என்கிற சின்னப் பெட்டி, இவற்றை விடாமல் படியுங்கள்.

ஒன்றில் மட்டும் எங்களுக்குள் சண்டையே வந்தது. ஒரு தம்பி ஒரு பயிற்சி மையத்தின் விலை போட்ட குறிப்பை ஸ்கேன் செய்து போட்டுவிட்டான். "ஏழைப் பிள்ளைகள் படிக்கட்டும் அக்கா" என்றான், அவன் மனசு எனக்குப் புரிந்தது. ஆனாலும் எடுக்கச் சொன்னேன். யாரோ உட்கார்ந்து எழுதியது, விற்றுப் பிழைக்கிறார்கள், அதை நாம் அள்ளிப் போடுவது சரியில்லை. அதற்குப் பதிலாக அவனையே கணக்குப் பகுதிக்குக் குறிப்பு எழுதச் சொன்னோம். வட்டிக் கணக்கை அவன் எங்கள் ஊர்ச் சீட்டுக் கணக்கை வைத்து எழுதினான். எத்தனையோ பேருக்கு அதைப் படித்துத்தான் தனிவட்டியும் கூட்டுவட்டியும் பிடிபட்டது.

2022 ஜூலை 24 பரீட்சை எழுதினேன், கிடைத்தது, இப்போது இளநிலை உதவியாளராக இருக்கிறேன். குழு இன்னும் நடக்கிறது.

போன வருஷம் அதில் ஓர் அக்கா சேர்ந்தார்கள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை, காலை எட்டு மணிக்குப் போனால் சாயங்காலம்தான் வீடு, கை முழுக்கப் பசையும் மருந்தும், எப்படிப் புத்தகத்தைத் தொடுவது என்று கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை. அன்று ராத்திரி நான் ஏழாம் வகுப்புத் தமிழில் ஒரு இயலை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்து போட்டேன், பத்தொன்பது நிமிஷம். மறுநாளிலிருந்து ஆளுக்கொரு பாடமாகப் படித்துப் போட ஆரம்பித்துவிட்டார்கள். பின்னால் மிக்சி ஓடும், குழந்தை அழும், ஒரு பதிவில் சேவல் கூவும். கண் தெரியாத இரண்டு பேர் எங்களுக்கும் இது வேண்டும் என்று வந்து சேர்ந்தார்கள், முதலிலேயே ஏன் இதைச் செய்யவில்லை என்று எனக்கு வருத்தமாகிவிட்டது.

மூன்றாவது வாரம் அந்த அக்காவிடமிருந்து ஒரு குரல் செய்தி. பின்னால் ஆட்கள் பேசும் சத்தம். "தப்பா நினைக்காதம்மா, பன்னிரண்டாவது நிமிஷத்துல ஒரு வரிய விட்டுட்டு அடுத்த வரிக்குப் போயிட்ட மாதிரி இருக்கு, பாட்டோட எதுகை நிக்கல, பாரு." புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரு வரி விட்டுப்போயிருந்தது. அதுவரை நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கேட்டிருந்தார்கள், ஒருவரும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே திரும்பப் படித்துப் போட்டேன், கூடவே ஒரு வரி: "முந்தைய பதிவில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது, அதை அழித்துவிட்டு இதைக் கேளுங்கள், பிழையைச் சொன்னது நம் தீப்பெட்டி ஆபீஸ் அக்கா."