பள்ளிக்கூடப் பணம் சுவருக்குப் போனது

நேயர்களுக்கு வணக்கம். பிள்ளையின் படிப்புக்கு என்று எடுத்துவைத்த பணத்தை, வீட்டில் யாரையும் கேட்காமல் ஒருவர் மதில் கட்ட எடுத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? மதில் வேண்டாம் என்று நாம் சொல்லமாட்டோம். யாரைக் கேட்டு எடுத்தாய் என்றுதான் கேட்போம். பல வருடங்களாக நான் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அதுதான்.

மெக்சிகோ எல்லைச் சுவருக்கு 570 கோடி டாலர் வேண்டும் என்று அமெரிக்க அதிபர் டிரம்ப் கேட்டார். அவர்களுடைய நாடாளுமன்றமான காங்கிரஸ் இசையவில்லை. 2018 டிசம்பரில் தொடங்கி 35 நாட்கள் பல அரசுத் துறைகள் முடங்கிக் கிடந்தன. கடைசியில் காங்கிரஸ் ஒதுக்கியது 137.5 கோடி. 2019 பிப்ரவரி 15 அன்று டிரம்ப் அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதே நாளில் தேசிய நெருக்கடி நிலையையும் அறிவித்தார். அந்த அறிவிப்பு தரும் அதிகாரத்தைக் கொண்டு, ராணுவக் கட்டுமானத்துக்கு வைத்திருந்த பணத்தில் 360 கோடியைச் சுவருக்குத் திருப்பிவிட்டார்கள்.

செப்டம்பரில் பட்டியல் வெளியானது. 127 கட்டுமானப் பணிகள் நிறுத்திவைப்பு. அதில் ஒன்று ஃபோர்ட் கேம்ப்பெல் படைத்தளத்தில் ராணுவ வீரர்களின் பிள்ளைகளுக்காகக் கட்டவிருந்த நடுநிலைப் பள்ளி. 6 கோடி டாலருக்கு மேற்பட்ட வேலை. அப்பாவோ அம்மாவோ நாட்டைக் காக்கப் போயிருக்கிறார், பிள்ளை இடம் போதாத பழைய பள்ளியில் உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பள்ளியின் பெயர் முன்பே அடிபட்டபோது, அந்தப் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பான எல்லைதான் நல்லது, பள்ளியைப் பிறகு கட்டித் தருவோம் என்றார் லிண்ட்சே கிரகாம்; காங்கிரஸின் மேலவையான செனட்டின் உறுப்பினர். எல்லையைக் காப்பது வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணத்தைப் பள்ளிக்கு என்று ஒதுக்கியவர்கள் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள். சட்டப்படி ஒதுக்காத பணத்தைக் கருவூலத்திலிருந்து எடுக்கக்கூடாது என்று அந்நாட்டு அரசியலமைப்பே சொல்கிறது. மறுபடியும் சொல்கிறேன், சுவர் நல்லதா கெட்டதா என்பது வேறு வழக்கு.

சரி, காங்கிரஸ் ஏன் தடுக்கவில்லை? தடுக்கப் பார்த்தது. நெருக்கடி நிலைக்கான சட்டம் 1976-ல் வந்தது. இரு அவைகளும் தீர்மானம் போட்டால் போதும், அதிபர் சம்மதம் இல்லாமலே நெருக்கடி நிலை முடிந்துவிடும் என்றுதான் முதலில் எழுதியிருந்தார்கள். 1983-ல் குடியேற்ற வழக்கு ஒன்றில், அப்படி அதிபரை ஒதுக்கிவிட்டுப் போடும் தீர்மானம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன்பின் 1985-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது யாருடைய அறிவிப்பை ரத்து செய்ய வேண்டுமோ, அவருடைய கையெழுத்தே வேண்டும்! 2019 மார்ச்சில் டிரம்பின் நெருக்கடி நிலையை ரத்து செய்யும் தீர்மானம் செனட்டில் 59-க்கு 41 என்று நிறைவேறியது. அவருடைய சொந்தக் கட்சியிலேயே 12 பேர் ஆதரித்தார்கள். மறுநாளே டிரம்ப் அதை நிராகரித்தார். அதை மீற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். கிடைக்கவில்லை. பூட்டும் அவரிடம், சாவியும் அவரிடம். எனக்கு ஆறவே ஆறாதது இதுதான்.

நீதிமன்றத்தில் நடந்ததையும் சொல்ல நினைத்திருந்தேன். நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். 2021 ஜனவரியில் பதவியேற்ற அன்றே பைடன் அந்த நெருக்கடி நிலையை முடித்துவைத்தார். அப்புறம் 2025 ஜூலையில், சுவருக்காக சுமார் 4,650 கோடி டாலரைக் காங்கிரஸே சட்டம் போட்டுக் கொடுத்தது. அந்தத் தொகை தேவையா என்று தாராளமாகச் சண்டை போடலாம். ஆனால் இந்த முறை யார் யார் வாக்களித்தார்கள் என்பது பதிவில் இருக்கிறது; போய்க் கேட்கலாம். வணக்கம்.