ஆடாதோடையும் எங்கள் வேலிகளும்

(வாசிகசாலை ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய விழாத் தலைவர் அவர்களே, மங்கள விளக்கேற்றிய பிரதம குருக்கள் அவர்களே, அலுவல்களுக்கு நடுவிலும் முன்வரிசையில் பொறுமையோடு அமர்ந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, எனக்கு அரிவரி தொடக்கிவைத்து இன்றும் என் தமிழைத் திருத்தக் காத்திருக்கும் ஓய்வுநிலை அதிபர் அவர்களே, கைதடியில் சித்த மருத்துவம் பயின்று இவ்வூரிலேயே வைத்தியம் பார்க்கும் இளம் வைத்தியர் அவர்களே, தாய்மாரே, அன்பர்களே, யாவருக்கும் என் வணக்கம்.

இருமலுக்கான ஆயுள்வேத மூலிகைகள் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். சித்தம் என்று போடாததேன் என இளம் வைத்தியர் மெல்லக் கேட்டார். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுள்வேதச் சட்டம் சித்தம், யூனானி, தேசிய வைத்தியம் எல்லாவற்றையும் அந்த ஒரே பெயருக்குள் அடக்கியிருப்பதால் அச்சகத்தாரைக் குறைசொல்ல இடமில்லை. மூலிகைகள் எவை, குடிநீர் காய்ச்சுவது எவ்வாறு, புகையும் தூசியும் நெஞ்சுக்குச் செய்யும் கேடு யாது என மூன்று விடயங்களைப் பேச எண்ணியுள்ளேன்.

"ஆடாதோடைக்குப் பாடாத நாவும் பாடும்" என்பது பழமொழி; சளி இளகிக் குரல் திறக்கும் என்பது கருத்து. ஆடு தொடாத இலை என்பதால் அப்பெயர் வந்தது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பெயர்க் காரணத்தைப் பண்டிதர்கள் ஆராயட்டும். ஆடு அதை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்புவதை நான் கண்டிருக்கிறேன். அதனாலேயே அது எங்கள் வேலிகளில் இடம்பிடித்தது. இன்று சளியை இளக்குவதற்கு மருந்துக்கடையில் தரும் புரோம்ஹெக்சின் மாத்திரைகூட, இந்த இலையிலுள்ள வாசிசின் என்ற சத்தை அடியொற்றி ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்டு 1960களில் விற்பனைக்கு வந்ததே. சிங்களத்தில் ஆடாதோடையைப் 'பாவட்டா' என்பார்கள். எங்கள் பாவட்டை வேறு செடி. தென்னிலங்கையிலிருந்து வரும் பொதிகளை வாங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

தூதுவளை, மொசுமொசுக்கை, கண்டங்கத்திரி, துளசி, கற்பூரவள்ளி ஆகியவை நீங்கள் அறிந்தவையே. தூதுவளை முள்ளால் வேலியைப் பற்றி ஏறும். சுணை நிறைந்த மொசுமொசுக்கை இலையை வறையாக்கிச் சோற்றோடு உண்போம். குடிநீருக்கு ஆடாதோடை இலையோடு வேர்க்கொம்பு (சுக்கு), மிளகு, திப்பிலி, கொத்தமல்லி சேர்த்து, எட்டுச் சுண்டு தண்ணீர் ஒரு சுண்டாக வற்றும்வரை மெல்லிய நெருப்பிற் காய்ச்சி வடிப்பது வழக்கம். அதன் கசப்புக்குப் பனங்கட்டி ஒரு துண்டைக் கடித்துக்கொள்ளலாம்.

இனி என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். எங்கள் வீட்டின் தெருப்பக்க வேலியைப் பிடுங்கி மதில் கட்டியவன் நானே. கிடுகு வேலியை ஆண்டுதோறும் அடைக்கும் செலவுக்கு அஞ்சி, கிளுவையும் பூவரசும் ஆடாதோடையும் நின்ற இடத்தில் சீமெந்துக் கல்லை அடுக்கிவிட்டு, இரும்புக் கேற்றும் போட்டுப் பெருமைப்பட்டேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. அடுத்த மார்கழிப் பனியில் பேரப்பிள்ளை இரவிரவாக இருமியபோது, "வேலியில நாலு இலை பிடுங்கிக்கொண்டு வா" என்றார். நான் கையில் ரோச்சோடு மதிலின் முன் நின்றேன். விடிந்ததும் சைக்கிளில் புறப்பட்டுக் கோண்டாவிலிலிருந்து உரும்பிராய்வரை ஒழுங்கை ஒழுங்கையாகத் தேடினேன், எங்கும் மதில்கள். கடையிலோ தூள்தான் இருந்தது. அதில் எந்த இலை அரைபட்டது என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. கடைசியிற் புன்னாலைக்கட்டுவனில் ஓர் ஒழுங்கை முடிவில், சரிந்த கிடுகு வேலியோடு ஆளுயரத்துக்கு ஆடாதோடை வெள்ளைப் பூவுடன் நின்றது. முற்றம் கூட்டிக்கொண்டிருந்த ஆச்சியிடம் இலை கேட்டேன். அவர் என் முகத்தைக் கூர்ந்து பார்த்து, ஊரையும் வீட்டையும் விசாரித்துவிட்டுச் சொன்னார்: "இது உன்ர கொம்மா உங்கட வேலியில முறிச்சுத் தந்த தடியடா, தம்பி."

பாடாத நாவையும் பாடவைக்கும் ஆடாதோடை அன்று என் நாவை அடைத்துவிட்டது. ஆச்சி இலையோடு ஒரு தடியையும் முறித்துத் தந்தார்.

ஆகவே, சபையோரே, மருந்தைப் பற்றிப் பேசுவதென்றால் நான் வேலியைப் பற்றித்தான் பேசுவேன். பிரதேச செயலாளர் அவர்களிடம் என் பணிவான வேண்டுகோள், பாடசாலைக்கும் பொதுக்கட்டடத்துக்கும் சுற்றுமதில் கட்டும்போது ஒரு பக்கத்தையேனும் உயிர்வேலியாக விடச் செய்யுங்கள் என்பதே. பத்தடி வேலி போதும். அதில் ஐந்து மூலிகை நிற்கும். வாசிகசாலையின் கிழக்குப் பக்கத்தில் மதில் எழுப்ப நிதி சேர்ப்பதாக அறிகிறேன். தலைவர் அவர்கள் கோபிக்கக்கூடாது; அந்தப் பட்டியலில் என் பெயரைச் சேர்க்க வேண்டாம்.

இளம் வைத்தியர் அவர்கள் எனக்குத் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தவிர்க்க வேண்டும் என்றும், இரண்டு கிழமைக்கு மேல் நீடிக்கும் இருமலுக்கும் இரத்தம் கலந்த சளிக்கும் குடிநீர் காய்ச்சிக்கொண்டிராமல் வைத்தியசாலைக்குச் சென்று சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்றும் அதில் எழுதியுள்ளார். அவர் சொல்வதே சரி. புகையையும் தூசியையும் பற்றிப் பேச மணி இடந்தரவில்லை.

வாசலில் ஈரச் சாக்கிற் சுற்றிய ஆடாதோடைத் தடிகள் இருக்கின்றன. "ஆடாதோடைக்குப் பாடாத நாவும் பாடும்" என்பதை மறவாமல் ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள். மாரி மழை முடியுமுன் இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கச் சற்றுச் சரிவாக ஊன்றிவிடுங்கள். மதில் கட்டியவர்கள் இரண்டு எடுக்கலாம்.