கண் படட்டும்

நேயர்களுக்கு வணக்கம். புது வீடு கட்டினால் நம் ஊரில் முதல் வேலையாக வாசலில் ஒரு பூசணிக்காயைக் கட்டுவோம், பெரிய மீசையோடு ஒரு முகமும் வரைந்து. ஊர்க்கண் படக்கூடாதாம். மதுரையில் முப்பது வருஷத்துக்கு மேல் காவல் துறையில் இருந்து, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவன் நான். பூட்டு உடைபட்ட எத்தனையோ வீடுகளில் அந்தப் பூசணிக்காய்க்குக் கீழே நின்று விசாரித்திருக்கிறேன். அந்த வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு வந்த வினை, நாலைந்து நாளாக யார் கண்ணும் படாமல் கிடந்ததுதான்.

சித்திரைத் திருவிழாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க முந்தின நாள் ராத்திரியே பாதித் தெரு கிளம்பிவிடும். நோட்டம் பார்க்கிறவன் அன்றைக்கு முதலில் எதைப் பார்ப்பான்? பூட்டை என்று நினைப்போம். அவன் பார்ப்பது வாசலை. கோலம் இல்லை. இரண்டு நாள் பேப்பர் கேட்டுக்குள் கிடக்கிறது. பால் பாக்கெட் பை தொங்குகிறது. பட்டப்பகலில் வாசல் விளக்கு எரிகிறது. திருடன் பயப்படட்டும் என்று நாம் போட்டுவிட்டுப் போன விளக்கு அது! போதாததற்கு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் குடும்பத்தோடு கொடைக்கானல்.

பழைய குற்றவாளி ஒருவனிடம் ஒருமுறை பேச்சுவாக்கில் கேட்டேன், "எந்த வீட்டுக்குடா போகமாட்ட?" யோசிக்காமல் சொன்னான்: "தண்ணி தெளிச்சுக் கோலம் போட்ட வீட்டுக்குப் போகமாட்டேன் சார். அங்க யாரோ விடியக்காலையில முழிச்சிருக்காங்க."

வெளியூர் போகும்போது காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள் என்று துறையில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சொல்வது நல்லதுதான். ரோந்து போகிறவர் உங்கள் தெருவுக்குள் வண்டியைத் திருப்புவார், டார்ச் அடித்துப் பார்ப்பார், வந்து போனதற்கு அடையாளமாக ரோந்துக்கென்று வைத்திருக்கும் பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போடுவார். ஆனால் ஒரு ரோந்து வண்டிக்கு எத்தனை தெரு என்று எண்ணிப் பாருங்கள். அவர் உங்கள் வாசலில் நிற்பது அரை நிமிஷம். எதிர்வீட்டம்மா நாள் முழுக்க அங்கேயேதான் இருக்கிறார். பேப்பரை எடுத்து வைக்கச் சொல்லி, கோலமும் போடச் சொல்லிவிட்டுப் போனால் அதுதான் பெரிய காவல். கேட் பூட்டு மட்டும் வெளியே தெரியாமல் உள்பக்கமாகத் தொங்கட்டும்.

சரி, திருட்டை விட்டுவிட்டு உடைப்பவர்களுக்கு வருகிறேன். எங்கள் பகுதியில் ஒரு அரசுப் பள்ளி. திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் ஆயம்மா மைதானத்தில் பாட்டில் சில்லு பொறுக்குவார். குடிதண்ணீர்க் குழாய்க்குத் திருகு இருக்காது. இது திடீரென்று ஆரம்பித்ததில்லை. முதலில் பள்ளிக்குப் பின்னால் ஒரு தெருவிளக்கைக் கல்லெறிந்து உடைத்தார்கள். யாரும் கண்டுகொள்ளவில்லை. மூன்று வாரத்தில் அடுத்த விளக்கும் போனது. இருட்டு வந்ததும் பாட்டில் வந்தது. பாட்டில் வந்ததும் மதிலேறிக் குதித்தார்கள். கடைசியில் அந்தச் சந்தில் நிறுத்திய வண்டிகளில் பெட்ரோல் காணாமல் போக ஆரம்பித்த பிறகுதான் தெரு முழித்தது.

செய்தது பெரிய காரியமெல்லாம் இல்லை. மின்கம்பத்தில் எண் எழுதியிருக்கும். அந்த எண்ணைச் சொல்லி மாநகராட்சியில் ஒருவர் புகார் கொடுத்தார், மறுநாள் இன்னொருவர், அதற்கடுத்த நாள் வேறொருவர். விளக்கு எரிந்தது. சாயங்காலம் அந்த மைதானத்தில் வாலிபால் ஆட முன்னாள் மாணவர்களுக்குத் தலைமையாசிரியை அனுமதி கொடுத்தார். ஒரு மாசத்தில் பாட்டில் நின்றது. குடித்தவர்கள் திருந்திவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். ரயில் பாதைப் பக்கம் இன்னொரு இருட்டுச் சந்து பார்த்துப் போய்விட்டார்கள். அந்தச் சந்துக்காரர்களிடமும் இப்போது கம்பத்து எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

பொதுச் சொத்தை உடைப்பது விளையாட்டுக் குற்றம் இல்லை. 1992-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சொத்துச் சேதத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட்டால், குற்றம் உறுதியானவருக்குக் குறைந்தது ஓராண்டு சிறை, கூடினால் ஐந்தாண்டு. பஸ் கண்ணாடியை உடைத்துவிட்டு, "சும்மா ஜாலிக்கு சார்" என்று வந்து நின்ற கல்லூரிப் பையன்களைப் பார்த்திருக்கிறேன். அப்பா அம்மா வந்து அழும்போதுதான் அவர்களுக்கு விஷயம் புரியும்.

அந்த ஜாலி நம் ஊரில் பழைய நோய். திருமலை நாயக்கர் மகால் தூண்களில் பார்த்திருப்பீர்கள், ஒரு இதயம், ஒரு அம்பு, இரண்டு பெயர். கீழக்குயில்குடி சமணர் மலையிலும் இந்தக் கிறுக்கலைப் பார்க்கலாம். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தில் கீறினால் இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று 2010-இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். இதிலும் அதே கதைதான். சுத்தமான தூணில் முதல் பெயரை எழுதக் கை கூசும். பக்கத்திலேயே பத்துப் பெயர் இருந்தால் கூச்சம் போய்விடும்.

கேமரா வைத்துவிட்டோமே என்பீர்கள். சென்னையில் சில வருஷங்களுக்கு முன் 'மூன்றாவது கண்' என்ற பெயரில் காவல் துறை தெருத்தெருவாகக் கேமரா வைக்கத் தூண்டியதும், நிறையச் சங்கிலிப் பறிப்பு வழக்குகளில் அது கைகொடுத்ததும் உண்மை. ஆனால் நான் போய்ப் பார்த்த கேமராக்களின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். ஒன்று வேப்பமரக் கிளையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னொன்றின் கடிகாரம் நாற்பது நிமிஷம் தள்ளி ஓடியது. ராத்திரியில் கேமரா விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், அப்புறம் படம் முழுக்க வெள்ளை வலைதான். மாசத்துக்கு ஒரு தரம் துணியால் துடைத்து, நேரத்தைச் சரிபார்த்தால் போதும். பதிவுப் பெட்டியை வரவேற்பறை டிவிக்குக் கீழேயே வைக்காதீர்கள். வந்தவன் அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போன வீடு ஒன்று உண்டு.

இவ்வளவு நேரம் 'பாருங்கள், பாருங்கள்' என்று சொன்னதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிற கூட்டம் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வம் கோயிலுக்குப் போன சென்னைக் குடும்பம் ஒன்று வழி கேட்க வண்டியை நிறுத்தியது. காரில் இருந்த வயதான அம்மா அங்கே நின்ற பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊர் கூடி அடித்ததில் அவர் இறந்துபோனார். அவர்களும் தங்கள் ஊரைக் காப்பதாகத்தான் நினைத்தார்கள். அதனால் சந்தேகம் வந்தால் "யாரைப் பார்க்கணும்?" என்று கேளுங்கள். நிஜமாகவே விருந்தாளியாக வந்தவர் பதில் சொல்லிவிட்டுப் போவார், நோட்டம் பார்க்க வந்தவன் நழுவுவான். அதற்கு மேல் கை வைக்காதீர்கள், துரத்தாதீர்கள். 112-க்கோ 100-க்கோ அடியுங்கள். முகம் மனசில் நிற்காது. வண்டியின் கடைசி நாலு எண்ணைக் குறித்துக்கொண்டால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

திருட்டே நடந்துவிட்டால்? வீட்டைப் பெருக்கி வைக்காதீர்கள். போலீஸ் வருகிறது என்று பீரோவைத் துடைத்து, துணியெல்லாம் மடித்து வைத்துவிட்டு, காபியோடு காத்திருப்பார்கள் நம் மக்கள். கைரேகை எடுக்கப் போனவர் காபியைக் குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். புகார் கொடுக்கப் போனால் "இது எங்கள் எல்லை இல்லை" என்று சொல்லும் பழக்கம் ஒன்று இருந்தது. நானே சொல்லியிருக்கிறேன், மறைப்பானேன். 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய சட்டத்தில் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், வாங்கித்தான் ஆக வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு முதல்முறையாகப் போன சித்திரையில் பேரன் வீட்டுக்குப் பத்து நாள் போயிருந்தோம். எதிர்வீட்டம்மாவிடம்தான் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது வாசலில் எட்டுப் புள்ளிக் கோலம். என் மனைவி போடுவதைவிட நன்றாகவே இருந்தது, இதை வீட்டில் சொல்லவில்லை. ஆட்டோவில் இருந்து பெட்டியை இறக்குவதற்குள் அந்தம்மா வந்துவிட்டார். "கூரியர்காரன் ரெண்டு தரம் வந்தான். செவ்வாக்கெழமை ஒருத்தன் உங்க கேட்டையே பார்த்துக்கிட்டு நின்னான், யாரு வேணும்னு கேட்டேன், போயிட்டான். அப்புறம் அண்ணே, ரெண்டு வாசலுக்கும் போட்டுக் கோலமாவு தீர்ந்துபோச்சு."

சாயங்காலமே போய் இரண்டு படி வாங்கி வந்தேன்.